மூன்று ரிப்போர்ட்டும் ஒரு முடி மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 37. ஊர் காரிமங்கலம். பொங்கல் கழிந்த வாரம் கடுமையான காய்ச்சல் வந்து தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருந்தேன். காய்ச்சல் விட்ட பிறகும் அசதி போகவில்லை. பதினைந்து நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் தருமபுரியில் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 6.9, ஃப்ரீ டி4 சரியான அளவு என்று வந்தது. தைராய்டு குறைவு என்று சொல்லி, தினமும் 25 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். 18 நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கிருஷ்ணகிரி போனபோது, விருந்து சாப்பிட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்கு அங்கே ஓர் ஆய்வகத்தில் பார்த்தேன். 4.4 என்றார்கள். மாத்திரை வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். பத்து நாளைக்கு முன் ஓசூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது, 'முழு உடல் பரிசோதனை' சலுகையில் மறுபடி கொடுத்தேன். டி.எஸ்.எச். 0.18, ஃப்ரீ டி4 2.7 என்று தடித்த எழுத்தில் வந்தது. 'தைராய்டு அதிகமாகிவிட்டது' என்று கார்பிமசோல் எழுதித் தந்தார்கள். நான் வாங்கவில்லை, பழைய மாத்திரையையும் அன்றே நிறுத்திவிட்டேன். மாசிக் கடைசியிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதால், மருந்துக்கடையில் கொடுத்த முடி மாத்திரை மட்டும் ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறேன். படபடப்பு, கை நடுக்கம் எதுவும் இல்லை. எடை ஒரு கிலோ கூடி 61 ஆகியிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்து எட்டு ஆண்டு ஆகிறது. இந்த டெஸ்ட் எல்லாமே காசு பறிக்கும் வேலை என்கிறார் என் கணவர். எந்த ரிப்போர்ட்டை நம்புவது? தினமும் களி சாப்பிடுவதாலோ, சிறு வயதில் குடித்த போர் தண்ணீராலோ இப்படி ஆகுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண் நின்றது 0.18 என்ற எண்ணில். இரண்டாம் முறை, 'முடி மாத்திரை மட்டும்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில். அந்த 'மட்டும்'தான் என் முதல் சந்தேகம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் பயோட்டின் (அது ஒரு வைட்டமின்) என்று இருக்கும்; பக்கத்தில் 5 அல்லது 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். இருந்தால் இன்றே அதை நிறுத்துங்கள். கார்பிமசோல் சீட்டை மடித்து பீரோவில் வையுங்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் நோயாளியைப் பார்த்த நாள்களைவிட நோயாளியின் ரத்தத்தைப் பார்த்த நாள்கள்தான் அதிகம். உயிர்வேதியியல் படித்துவிட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்திலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வகத்தில் உட்கார்ந்தவன். ஆகவே உங்கள் கணவர் சொன்னதைப் படித்ததும் முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் மூன்று ஊரில் ரத்தம் கொடுத்து, குறைவு, சரி, அதிகம் என்று மூன்று தீர்ப்பு வாங்கிய குடும்பத்தில் ஒருவர் இப்படிச் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் அவர் சொல்வது சரியில்லை. மூன்று ஆய்வகமும் உங்களை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றும் தத்தம் கருவி காட்டியதை அப்படியே அச்சடித்துக் கொடுத்திருக்கின்றன. எந்த நேரத்து ரத்தம், எந்த நிலையில் இருந்த உடம்பு, அதற்குள் என்னென்ன மாத்திரை போயிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் இங்கே நடந்த தவறு.

தைராய்டு, கழுத்தில் குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் சுரப்பி. 'எனக்குத் தைராய்டு இருக்கிறது' என்று கவலையோடு வருகிறவர்களிடம், 'எனக்கும் இருக்கிறது, இல்லாவிட்டால்தான் கஷ்டம்' என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை. அது சுரக்கும் ஹார்மோன் பெரும்பாலும் டி4, கொஞ்சம் டி3. (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4-தான் ரிப்போர்ட்டில் வரும் ஃப்ரீ டி4.) சுரப்பியை வேலை வாங்கும் மேஸ்திரி, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. மேஸ்திரியின் குரல்தான் டி.எஸ்.எச். கொத்தனார் ஒழுங்காகச் செங்கல் அடுக்கினால் மேஸ்திரி சத்தம் போடுவதில்லை. கை சுணங்கினால் குரல் தெருமுனை வரை கேட்கும். கொத்தனார் தேவைக்கு மேல் பரபரத்தால் மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு, இறங்கினால் அதிகம் என்று தலைகீழாக இருப்பது இதனால்தான்.

மேஸ்திரிக்கு ரோஷம் அதிகம். ரத்தத்தில் டி4 இரண்டு மடங்கு மாறினால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை மாறக்கூடும். சின்னக் கோளாற்றையும் முதலில் காட்டிக்கொடுப்பது அது என்பதால்தான் மருத்துவர்கள் அதையே முதலில் கேட்கிறார்கள். அதே குணத்தால், காரணமே இல்லாமலும் அது கொஞ்சம் குதிக்கும்.

உங்கள் முதல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 6.9. கடுமையான காய்ச்சலில் படுத்தால் உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொள்ளும்; தைராய்டு ஹார்மோனும் டி.எஸ்.எச்.சும் இறங்கும். உடம்பு தேறி வரும்போது மேஸ்திரி விட்டதைப் பிடிக்கக் கூடுதலாகக் குரல் கொடுப்பார். அந்தச் சில வாரங்களில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும், சிலருக்கு 20 வரைகூடப் போவது உண்டு. நீங்கள் ரத்தம் கொடுத்தது சரியாக அந்தக் கட்டத்தில். போதாததற்குக் காலை ஏழு மணி. டி.எஸ்.எச். நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நள்ளிரவு தாண்டி விடியலுக்கு முன் உச்சத்துக்குப் போகும். மதியத்துக்குப் பிறகு அடங்கும். காலையில் வெறும் வயிற்றில் எடுப்பதுதான் சரியான முறை. ஆனால் அந்த நேரத்து எண்ணை மதியத்து எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது.

டி.எஸ்.எச். 10-க்குக் கீழே, ஃப்ரீ டி4 சரியான அளவு, சமீபத்தில் காய்ச்சல். இந்த மூன்றும் சேர்ந்தால் என் கட்சி, மாத்திரை எழுதும் முன் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து இன்னொரு முறை பார்ப்பது. இப்படி லேசாக ஏறியவர்களில் கணிசமானோருக்கு, மறுபடி பார்க்கும்போது அது தானாகவே எல்லைக்குள் வந்திருக்கும். ஆண்டுக் கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஒரே ஒரு எண்ணை வைத்துத் தொடங்குவது எனக்கு என்றைக்கும் ஒப்பியதில்லை. உங்கள் மாமியார் வயதில் இருப்பவர்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும். வயது ஏற ஏற டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று மேலே போகும். 65 வயது தாண்டிய, லேசாக டி.எஸ்.எச். ஏறிய 737 பேரை வைத்து ஐரோப்பாவில் ஓர் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தைராக்சின் (உங்களுக்கு முதலில் எழுதிக்கொடுத்த அதே தைராய்டு மாத்திரை), மறு பாதிக்கு வெறும் மாவு மாத்திரை. அசதி இரு தரப்பிலும் ஒன்றுபோலவே இருந்தது.

இரண்டாவது ரிப்போர்ட், 4.4. மாத்திரை வேலை செய்ததாக நினைத்தீர்கள். செய்திருக்கலாம், ஆனால் அந்த எண் அதற்குச் சாட்சி ஆகாது. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அளவு நிலைப்பட ஐந்தாறு வாரம் வேண்டும். மேஸ்திரி அதைக் கவனித்துக் குரலைச் சரிசெய்ய இன்னும் சில நாள். அதனால்தான் மாத்திரையைத் தொடங்கினாலும் மாற்றினாலும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்க்கச் சொல்கிறோம். 18-ஆம் நாள் பார்ப்பது, விதை போட்ட மறு வாரமே மண்ணைக் கிளறிப் பார்க்கும் அவசரம். அதோடு மதியம் மூன்று மணி, வயிறு நிறையக் கல்யாண விருந்து. நேரமும் சாப்பாடும் சேர்ந்தே டி.எஸ்.எச்.சைக் கால் பங்கு இறக்கிவிடும். காய்ச்சலின் ஏற்றமும் அதற்குள் தணிந்திருக்கும். மாத்திரையே சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு ஏறக்குறைய இதே எண் வந்திருக்கலாம்.

இனி ஓசூர் ரிப்போர்ட்.

0.18-ம் 2.7-ம் சேர்ந்து வந்தால், தைராய்டு கட்டுக்கடங்காமல் சுரக்கிறது என்பதுதான் பாடப்புத்தகப் பதில். எழுதித் தந்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் உடம்பு வேறு கதை சொல்கிறது. தைராய்டு இவ்வளவு ஏறியவருக்கு எடை இறங்கும், நெஞ்சு படபடக்கும், நீட்டிய விரல் நடுங்கும், மின்விசிறிக்குக் கீழேயும் வேர்க்கும். உங்களுக்கு எடை கூடியிருக்கிறது. நீங்கள் சாப்பிட்ட 25 மைக்ரோகிராமும் இதைச் செய்ய முடியாது. சுரப்பியே அடியோடு வேலை செய்யாதவருக்குக்கூட எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் கொடுப்போம். 61 கிலோவுக்கு அது 100-ஐ ஒட்டி வரும். நீங்கள் சாப்பிட்டது அதில் கால் பங்கு. அப்படியென்றால் மீதி எங்கிருந்து வந்தது?

இங்கே ஆய்வகத்துக்குள் கொஞ்சம் வர வேண்டும். உங்கள் கையில் எடுத்த ரத்தம் மஞ்சள் மூடி போட்ட குழாயில் அரை மணி நேரம் உறையும். பிறகு அதைச் சுழற்றுவார்கள். சிவப்பு கீழே தங்கி, வைக்கோல் நிறத்தில் சீரம் மேலே நிற்கும். கருவி அதில் ஒரு துளியை எடுத்துக்கொள்ளும். டி.எஸ்.எச்.சைக் கவ்விப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு ஒளி விடும் ஒரு பொருளைச் சேர்த்து, அதை அந்தத் துளியில் கலக்கும். பிடிபட்டதைக் காந்தத் துகள்களில் ஒட்டவைத்து, ஒட்டாததைக் கழுவி ஊற்றும். கடைசியில் எவ்வளவு ஒளி வருகிறது என்று பார்க்கும். ஒளி அதிகம் என்றால் டி.எஸ்.எச். அதிகம்.

இந்த 'ஒட்டவைப்பது' எப்படி என்பதில்தான் விஷயம். பல கம்பெனிக் கருவிகள் இதற்குப் பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. துகளின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் இருக்கும். எதிர்ப்பொருளின் வாலில் பயோட்டின் கட்டியிருக்கும். இரண்டும் சந்தித்தால் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். தருமபுரி பேருந்து நிலையத்தில் திருவிழாக் காலத்தில் பஸ் வந்து நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். படியில் ஏறுகிறவர் உள்ளே வருவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு எல்லா இருக்கையையும் பிடித்துவிடுவார்கள். முடி மாத்திரையில் இருந்து ரத்தத்துக்கு வந்த பயோட்டின் செய்வது அதைத்தான். ஸ்ட்ரெப்டாவிடின் இருக்கை முழுவதிலும் துண்டு. டி.எஸ்.எச்.சைப் பிடித்துக்கொண்டு வந்த எதிர்ப்பொருளுக்கு இடம் இல்லை. கழுவும்போது அது வெளியே போய்விடுகிறது. ஒளி குறைகிறது. டி.எஸ்.எச். குறைவு என்று கருவி எழுதுகிறது.

ஃப்ரீ டி4 மாதிரியான சிறு ஹார்மோனை அளக்கும் முறையில் கணக்கு தலைகீழ்: ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று பொருள். ஆகவே அதே துண்டு, அதே இருட்டு, ஆனால் டி4 அதிகம் என்று பதில் வரும். ஒன்று பொய்யாக இறங்கி, மற்றது பொய்யாக ஏறி, இரண்டும் ஒன்றுக்கொன்று அழகாகச் சாட்சி சொல்லும். தனித்தனியாகப் பொய் வந்திருந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். இப்படி ஜோடியாக வந்தால் அனுபவசாலியும் ஏமாறுவார். நானே ஒரு முறை ஏமாந்து, 'அளவு உறுதி செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண்மணி அடுத்த மாதம் வேறு முறையில் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அன்று நான் கேட்டிருக்கவில்லை.

நம் உடம்புக்கு ஒரு நாளுக்குத் தேவையான பயோட்டின் ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். 10 மில்லிகிராம் மாத்திரை அதைப் போல முந்நூறு மடங்குக்கு மேல். உடம்புக்குக் கெடுதல் என்று பெரிதாக எதுவும் இல்லை, சிறுநீரில் போய்விடும். கெடுதல் சோதனைக்குத்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையில் பயோட்டினால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டி, ஒருவர் இறந்த செய்தியும் அதில் இருந்தது. எல்லாக் கருவியும் இந்த முறையில் இயங்குவதில்லை. புதிதாக வருபவற்றில் சில பயோட்டினைத் தாங்கும். ஓசூரில் எந்தக் கருவி என்று ஆய்வகத்தைக் கேட்டால் சொல்வார்கள். 'உங்கள் டி.எஸ்.எச். சோதனையில் பயோட்டின் குறுக்கிடுமா?' என்று கேளுங்கள். நல்ல ஆய்வகம் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

இதில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. உங்கள் முடி கொட்டியதற்குத் தைராய்டும் காரணமில்லை, பயோட்டின் குறைவும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். கடும் காய்ச்சல் வந்த ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முடி கொத்தாகக் கொட்டுவதும், சில மாதத்தில் தானாக நின்று மறுபடி முளைப்பதும் மிகச் சாதாரணம். தையில் காய்ச்சல், மாசிக் கடைசியில் முடி. கணக்குச் சரியாக இருக்கிறது. தேவையில்லாத ஒரு மாத்திரை, தேவையில்லாத இன்னொரு மாத்திரைக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்த இன்னொன்று சாதாரண மருந்தும் அல்ல. கார்பிமசோல், அபூர்வமாகத்தான் என்றாலும், ரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக் கூடியது. நீங்கள் அதை வாங்காதது நல்லதாகப் போயிற்று.

இவ்வளவு சொன்னாலும் நான் ஒரு கடிதத்தை வைத்துப் பேசுகிறேன் என்பதை மறக்க வேண்டாம். அட்டையில் பயோட்டின் இல்லாமல் இருக்கலாம். காய்ச்சலுக்குப் பின் தைராய்டு வீங்கி, தேங்கிய ஹார்மோன் ஒழுகி, சில வாரம் நிஜமாகவே அளவு ஏறுவதும் உண்டு. (அதற்கும் கார்பிமசோல் மருந்தல்ல.) ஆகவே நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முடி மாத்திரையை நிறுத்துங்கள். இரண்டு நாள் போதும் என்று நெறிமுறைகள் சொல்கின்றன. நீங்கள் ஐந்து வாரம் சாப்பிட்டிருப்பதால் ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஒரு காலை ஏழு, எட்டு மணிக்குள், வெறும் வயிற்றில், முதலில் பார்த்த தருமபுரி ஆய்வகத்திலேயே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டை மட்டும் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஓசூர் ரிப்போர்ட்டை மறந்துவிடலாம். தைராக்சினை நிறுத்தி ஏற்கெனவே பத்து நாள் ஆகிவிட்டது. உங்கள் அளவுக்கு அதனால் ஆபத்தில்லை. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் காய்ச்சல் விஷயத்தையும் சொல்லி, மாத்திரை இல்லாமலேயே ஆறு முதல் எட்டு வாரம் இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், அதன் முடிவில் அதே நேரம், அதே ஆய்வகம், டி.எஸ்.எச்.சோடு டி.பி.ஓ. எதிர்ப்பொருள் (உடம்பே தன் தைராய்டுக்கு எதிராக உண்டாக்குவது) சோதனையும் ஒரு முறை. அது இருந்தால் சுரப்பி பிற்காலத்தில் சுணங்க வாய்ப்பு அதிகம், ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நிம்மதி. ஒரு வாரம் கழித்து எடுத்ததிலும் டி.எஸ்.எச். அதே 0.18-ஐ ஒட்டி இருந்தாலோ, இடையில் படபடப்போ கழுத்து வீக்கமோ வலியோ வந்தாலோ காத்திருக்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். உங்களைப் போல் அல்லாமல், அறுவை செய்துகொள்ளாத, கருவுற்றிருக்கக் கூடிய பெண் ஒருவர் இதைப் படித்தால், இந்தப் பொறுமை அவருக்குப் பொருந்தாது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் டி.எஸ்.எச். எல்லையே வேறு, குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பி இருக்கும் காலம் அது. அவர் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரே ஆய்வகம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கம்பெனிக் கருவியும் வேறு எதிர்ப்பொருளைக் கொண்டு பிடிக்கிறது. ஒரே ரத்தத்தை இரண்டில் போட்டால் எண் சற்று மாறும், ஃப்ரீ டி4-இல் இன்னும் அதிகமாகவே மாறும். அதனால்தான் எல்லையும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறாக அச்சிட்டிருக்கும். ஒரே கருவியில், ஒரே நேரத்தில் எடுத்தாலும், நலமாக இருப்பவரின் டி.எஸ்.எச். நாளுக்கு நாள் ஐந்தில் ஒரு பங்கு முன்பின் ஆடும். 3.8 போய் 4.4 வந்தால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்த எல்லை எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். நலமாக இருக்கும் நூறு பேரைச் சோதித்து, நடுவில் விழும் 95 பேரை வைத்து வரையப்பட்ட கோடு அது. இருபதில் ஒரு நல்ல மனிதர் எப்போதும் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே சலுகையில் எடுத்தால், ஒரு குறையும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வர நூற்றுக்கு 64 வாய்ப்பு. முழு உடல் பரிசோதனை விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும். உங்கள் கணவரின் கோபத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள், ஆட்சேபம் இல்லை.

கருவியைவிட நான் அதிகம் பயப்படுவது, ரத்தம் கருவிக்குள் போவதற்கு முன் நடப்பதற்கு. ஆய்வகப் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே காலையில் இரண்டு லட்சுமி வந்தார்கள், ஒருவருக்கு எம்., இன்னொருவருக்கு என். இன்ஷியல். குழாயில் பேனாவால் எழுதியதில் எம்முக்கு ஒரு கால் குறைந்துவிட்டது. இருவரின் ரிப்போர்ட்டும் மாறிப் போனது. இருவரையும் மறுபடி வரவழைத்து, மறுபடி குத்தி, மன்னிப்புக் கேட்டோம். இப்போது பட்டைக் குறியீடு வந்துவிட்டது. ஆனாலும் ரத்தம் எடுத்தவுடன் குழாயில் உங்கள் முழுப் பெயரும் வயதும் ஒட்டப்படுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பென்னாகரத்திலோ அரூரிலோ எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் வேறு ஊருக்குப் போவதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தால் டி.எஸ்.எச். சில நாள் கெடாது. அதைப் பற்றி அஞ்ச வேண்டாம்.

நல்ல ஆய்வகத்தை எப்படி அறிவது? ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறதா, தைராய்டு சோதனையும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். வெளித் தரச் சோதனையில் சேர்ந்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களிலிருந்து, அளவு தெரியாத மாதிரிகள் ஆய்வகங்களுக்கு வரும். அளந்து பதில் அனுப்ப வேண்டும், மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் வரும். எனக்குப் பள்ளிக்கூடப் பரீட்சையைவிட அந்தத் தாள்தான் வயிற்றைக் கலக்கியது.

ஒரு காலத்தில் இந்தச் சோதனைகளே கிடையாது. ரத்தத்தில் இருக்கும் துளியூண்டு ஹார்மோனை அளக்க முடியும் என்று 1960-ஐ ஒட்டி நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் முதலில் இன்சுலினை வைத்துக் காட்டினார்கள். அதற்காக 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் காலமாகிவிட்டார். தொடக்க காலத்து டி.எஸ்.எச். சோதனைக்கு, குறைவுக்கும் சரிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. இன்றைய கருவி 0.01 வரை பிரித்துச் சொல்கிறது. என் ஆசிரியர் பழைய தலைமுறை. நோயாளியை நாற்காலியில் மண்டியிடச் செய்து, குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியால் தட்டுவார். பாதம் வெடுக்கென்று இழுத்து, பிறகு சோம்பலாக, நீரில் மூழ்கும் இலை போலத் திரும்பும். 'பார்த்தாயா, தைராய்டு குறைவு' என்பார். ரிப்போர்ட் பிறகுதான் வரும். கருவியும் சுத்தியும் வேறு வேறு சொன்னால், கருவிக்கு இன்னொரு குழாய் ரத்தம் அனுப்புவார்.

அதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.எஸ்.எச். சரியாக இருந்தும் தைராய்டு குறைவாக இருக்கும் ஒரு நிலை உண்டு: மேஸ்திரியே படுத்துவிட்டால். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போய், பிட்யூட்டரி பழுதாகும் பெண்களுக்கு இது நேரும். பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, ஆண்டுக் கணக்கில் அசதி. மலைக் கிராமங்களில் வீட்டிலேயே பிரசவம் பார்த்த தலைமுறையில் இப்படிச் சிலரைக் கண்டிருக்கிறேன். கையில் 'டி.எஸ்.எச். நார்மல்' என்ற தாளை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியிருப்பார்கள். ஃப்ரீ டி4 பார்த்தால் பாதாளத்தில் இருக்கும். உங்களுக்கு இது இல்லை. தெரிந்தவர் யாருக்காவது அந்தப் பிரசவக் கதை இருந்தால் சொல்லுங்கள்.

போர் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் இரு மாவட்டத்திலும் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் படுத்திய பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதனால்தான். தைராய்டுக்கும் அதற்கும் உள்ள உறவு ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்தில் 6.9, 4.4, 0.18 என்று ஊஞ்சலாடியதற்கு அது காரணமாக முடியாது.

களியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அயோடின் உப்பு போடும் வீட்டில் கேழ்வரகு தைராய்டைக் கெடுத்துவிடாது. ஒரு நாள் மறுபடி தைராக்சின் சாப்பிட நேர்ந்தால் மட்டும் நேரத்தைக் கவனியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது; எந்தச் சாப்பாடும் மாத்திரையை உடம்பில் சேர விடாமல் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், கேழ்வரகும் பாலும் இன்னும் கூடுதலாக. விடிந்ததும் தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபியோ கூழோ. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி. ரத்தம் கொடுக்கும் நாளில் கொடுத்த பிறகு மாத்திரை. விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் ஏறிக் காட்டும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று ரிப்போர்ட்டையும் ஒரே உறையில் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரத்தம் கொடுத்த நேரம், சாப்பிட்டதா இல்லையா என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். அந்த முடி மாத்திரை அட்டையையும் மறக்காமல் உள்ளே போடுங்கள். அடுத்த ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண்ணோடு நேரத்தையும் சேர்த்து.